உங்களுக்குத் தெரியுமா? – கண் சிமிட்டும் ‘டீ’ போர்டு

கருவேப்பிலங்குறிச்சியில் சாயங்காலம் விருத்தாசலம் பஸ்ஸுக்குக் காத்து நின்றால், இருட்ட இருட்டக் கடைகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். மெடிக்கல் கடையின் பச்சைக் கூட்டல் குறி, பேக்கரியின் ஓடும் எழுத்து, செல்போன் கடையின் நீலப் பட்டை. “இதை நாமே செய்ய முடியாதா?” என்று பள்ளிக்கூடப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் யாராவது ஒருத்தருக்குத் தோன்றியே இருக்கும். இந்த வாரத் துணுக்குகள் அவருக்கு.

● ‘கருவேப்பிலங்குறிச்சி’ என்பதில் 11 எழுத்துகள். க, ரு, வே, ப், பி, ல, ங், கு, றி, ச், சி. முதன்முதலாக எல்.இ.டி போர்டு செய்கிறவர் ஊர்ப்பாசத்தில் இந்தப் பெயரில் கை வைத்தால், பாதியில் போர்டு பரணுக்குப் போய்விடும். என் யோசனை: ஒரே எழுத்தில் ஆரம்பியுங்கள். ‘டீ’. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேவைப்படுகிற எழுத்து. ‘ட’வில் வளைவே கிடையாது, நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று. மேலே ஒரு சுழி மட்டும் போட்டால் முடிந்தது.

● எல்.இ.டி எழுத்து வரையத் தனியாகப் படிக்க வேண்டாம். புள்ளிக்கோலம் தெரிந்தால் போதும். கடைகளில் தொங்கும் ஓடும் எழுத்துப் பலகையின் ஒரு துண்டைக் கோலக்காரர் பாஷையில் சொன்னால் ‘32 புள்ளி, 16 வரிசை, நேர்ப்புள்ளி’. கோலத்தில் புள்ளிகளை இழையால் சுற்றுகிறோம், இங்கே புள்ளியையே ஏற்றி அணைக்கிறோம். கணக்கு நோட்டின் கட்டத்தாளில் நான் புள்ளி வைத்துப் பார்த்ததில் ‘டீ’க்கு 35 புள்ளிகள் ஆயின. இந்த 35-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

● எல்.இ.டி வெளிச்சத்தை மனிதன் முதலில் பார்த்தது சாணைக்கல்லில்! 1907-ல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேய ரேடியோ பொறியாளர், கார்போரண்டம் துண்டில் கம்பி முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சியபோது மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கார்போரண்டம் என்றால் சிலிக்கான் கார்பைடு. கத்தி தீட்டும் சாணைச் சக்கரத்திலும் உப்புத்தாளிலும் இருக்கிற அதே சரக்கு. ரவுண்ட் அதை ஒரு குட்டிக் கடிதமாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 1927-ல் ரஷ்யாவின் ஓலெக் லோசெவ் அதே வெளிச்சத்தைத் தன் பங்குக்குக் கண்டு விரிவாக ஆராய்ந்து எழுதினார். அப்போதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லெனின்கிராடு முற்றுகையில் 1942-ல் பட்டினியால் செத்துப்போனார் லோசெவ்.

● கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி-யை நிக் ஹோலோன்யாக் அமெரிக்காவில் எரியவிட்டது 1962 அக்டோபரில். அதே 1962-ல்தான், நம் பக்கத்தில், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து முதல் மின்சாரம் எடுத்தார்கள். சும்மா ஒரு தற்செயல்தான். ஆனாலும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சந்தோஷம்.

● விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்வி நிலையம் உண்டு. செராமிக் தொழிற்பேட்டையும் உண்டு. கார்த்திகைக்கு அகல் விளக்கும், பொம்மைகளும், மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்களும் சூளையிலிருந்து வருகிற ஊர். “எலக்ட்ரானிக்ஸுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறவர்கள், ஒரு பழைய ரெசிஸ்டரைக் குறடால் நசுக்கிப் பார்க்கலாம். பெயின்டுக்கு உள்ளே கரிப்படலம். அதற்கு உள்ளே வெள்ளையாக ஒரு குட்டித் தண்டு. பீங்கான்! கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் எல்லாமே பீங்கான் தண்டின்மேல் கரி படிய வைத்துச் செய்தவைதான். மிட்டாய் மாதிரி தட்டையாக இருக்கும் ‘104’ கபாசிட்டர்? அதன் நடுவில் இருப்பது பேரியம் டைட்டனேட் என்ற பொருளை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த வில்லை. வெள்ளை எல்.இ.டி-யின் உள்ளே மஞ்சளாகத் தெரியும் பூச்சுகூட அலுமினியம், இட்ரியம் ஆக்சைடுகளைச் சுட்டு எடுத்த ஒரு செராமிக் பொடிதான். ஆக, போர்டு செய்ய வாங்கும் பொட்டலத்தில் பாதி, சூளைக்குச் சொந்தக்காரர்கள்.

● அந்த ‘104’ ஏதோ மாடல் நம்பர் அல்ல. 10-க்குப் பின்னால் 4 சைபர் போடு என்று அர்த்தம். 1,00,000 பிகோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். ‘103’ என்றால் அதில் பத்தில் ஒன்று.

● எல்.இ.டி-யின் இரண்டு காலில் நீளமானது பிளஸ். காலை வெட்டிய பிறகு சந்தேகம் வந்தால் அடியில் இருக்கும் வட்ட விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மழுங்கித் தட்டையாக இருக்கும். அது மைனஸ்.

● எல்.இ.டி-யை 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக வைத்தால் என்ன ஆகும்? ‘பட்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் நாற்றம், பிறகு நிரந்தர இருட்டு. ஏழாம் வகுப்பில் நான் சேர்த்து வைத்த காசில் வாங்கிய முதல் எல்.இ.டி-யின் ஆயுள் ஒரு விநாடிகூட இல்லை. காரணம் எளிது. டார்ச் பல்பின் இழை சூடாகச் சூடாகத் தன் தடையைக் கூட்டித் தன்னையே காத்துக்கொள்ளும். எல்.இ.டி-க்கு அந்தப் புத்தி கிடையாது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட்தான் எல்லை. அதைத் தாண்டினால் மடை உடைந்த வாய்க்கால்போல மின்சாரம் பாயும். மதகு நாம்தான் வைக்க வேண்டும். அந்த மதகுதான் ரெசிஸ்டர்.

கணக்கும் நாலாம் வகுப்புக் கணக்குதான். 9-இல் 2 போக 7 வோல்ட். எல்.இ.டி-க்கு 20 மில்லி ஆம்பியர் போதும். 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். கடையில் 350 கிடைக்காது, 390 கேளுங்கள். கொஞ்சம் மங்கலானாலும் நீண்ட நாள் உழைக்கும்.

● ரிமோட்டில் போடும் இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்தால் 3 வோல்ட். அதில் ரெசிஸ்டரோடு சிவப்பு எல்.இ.டி ஜோராக எரியும், நீலமும் வெள்ளையும் மினுக்கென்று முனகும். நீல ஒளிக்குச் சிவப்பைவிட அதிக ஆற்றல் தேவை. அதனால் அவற்றுக்கு 3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. செல் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

● சிமிட்ட வைப்பது யார்? எட்டுக் கால் பூச்சி ஒன்று. பெயர் 555. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட், கலிபோர்னியாவில் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காகத் தனியாளாக உட்கார்ந்து 1971-ல் வடிவமைத்த ஐசி. 1972-ல் கடைக்கு வந்தது. முதலில் போட்ட வடிவத்துக்கு 9 கால் தேவைப்பட்டது. ஒரு காலைக் குறைக்க வழி கண்டுபிடித்தார். எட்டுக் கால் பெட்டியில் அடங்கியதால் விலை இறங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இன்னும் விற்கிறது. செல்போன் மாடல் ஒன்று ஆறு மாதம் தாங்காத உலகத்தில் இது அதிசயம்தான்.

● 555 வேலை செய்யும் விதத்தை ஊர்த் தண்ணீர்த் தொட்டியை வைத்தே சொல்லிவிடலாம். கபாசிட்டர்தான் தொட்டி. ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் மெல்ல மெல்ல நிரம்புகிறது. முக்கால் தொட்டி வரை ஐசி காத்திருக்காது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ‘போதும்’ என்று வடிகாலைத் திறந்துவிடும். வடிந்து மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் வடிகாலை மூடும். மறுபடி நிரம்பும். நிரம்புகிற நேரம் விளக்கு எரியும், வடிகிற நேரம் அணையும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் சிமிட்டல் வேகம் அவ்வளவாக மாறாது. ஏன்? அளவுகோல் ‘மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு’ என்று பங்கில்தான் இருக்கிறது, வோல்ட்டில் இல்லை. காமென்சிண்டின் சாமர்த்தியம் அதில்தான்.

● உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்ததாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். மூன்று ரெசிஸ்டர் இருப்பது உண்மை. ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. கம்பெனி மேலாளர் ஒருவர் சும்மா தேர்ந்தெடுத்த எண் என்று காமென்சிண்டே சொல்லியிருக்கிறார்.

● செய்முறை கேட்கிறவர்களுக்கு. ஐசி-யின் தலையில் ஒரு பிறை வெட்டு இருக்கும். அதை மேலே வைத்துப் பார்த்தால் இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலது பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. 1-ஆம் கால் மைனஸுக்கு. 8-உம் 4-உம் பிளஸுக்கு. 2-ஐயும் 6-ஐயும் ஒன்றாக இணையுங்கள். 8-க்கும் 7-க்கும் நடுவே 10 கிலோ ஓம். 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ ஓம். 6-லிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். அதன் உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். 5-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு ஒரு ‘103’. 3-ஆம் கால்தான் நமக்குப் பலன் தருகிற கால். விநாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை சிமிட்டும். அரை விநாடி எரியும், கிட்டத்தட்ட அரை விநாடி அணையும்.

வேகம் பிடிக்கவில்லையா? 68-ஐ 33 ஆக்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம். ஐசி-யைத் தலைகீழாகச் செருகிவிட்டால் சில விநாடியில் விரல் வைக்க முடியாமல் கொதிக்கும். பதறாமல் முதலில் பிளக்கை எடுங்கள். என் வலது ஆள்காட்டி விரலில் எட்டுக் கால் அச்சு ஒரு வாரம் இருந்தது.

● இப்போது அந்த 35. எல்லா எல்.இ.டி-க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைத்தால் 35 ரெசிஸ்டர் ஆகும், மின்சாரமும் வீண். 12 வோல்ட் அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சிவப்பு எல்.இ.டி-யைச் சங்கிலியாகக் கோத்தால் 10 வோல்ட் போகும். மீதி 2 வோல்ட்டுக்கு ஒரு 150 ஓம். இப்படி ஏழு சங்கிலி. ஒரு சங்கிலிக்கு 13 மில்லி ஆம்பியர் என்றால் ஏழுக்கும் சேர்த்து 0.1 ஆம்பியர்கூட வரவில்லை. 555-ஆல் இதை நேரடியாகவே தள்ள முடியும்தான். ஆனால் தள்ளும்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தானே விழுங்கிவிடும்; நமக்கோ மிச்சமிருப்பதே 2 வோல்ட். போர்டு அழுதுவடியும். அதனால் 3-ஆம் காலில் ஒரு 1 கிலோ ஓம், அதன் மறுமுனையில் பிடி 139 டிரான்சிஸ்டரின் பேஸ். சங்கிலிகளின் பிளஸ் முனை அடாப்டருக்கு, மைனஸ் முனைகள் எல்லாம் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, எமிட்டர் மைனஸுக்கு. வாய்க்காலை ஐசி சுமக்க வேண்டாம். ஷட்டரைத் தூக்கினால் போதும்.

● இந்த ‘டீ’ போர்டு தினமும் மாலை ஆறு மணி நேரம் சிமிட்டினால் ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை நாள் வரும்? எரியும்போது ஏறக்குறைய 1.1 வாட். பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 0.55 வாட். அடாப்டர் தின்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரு யூனிட்டுக்கு 300 நாள்! டீக்கடைக்காரர் மின்கட்டணத்தைக் காரணம் சொல்லி உங்கள் போர்டை மறுக்க முடியாது.

● ஐசி-யே இல்லாமலும் சிமிட்ட வைக்கலாம். பிசி 547 டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நாலு, கபாசிட்டர் இரண்டு. ஒன்று எரிந்தால் மற்றது அணையும். சீசாப் பலகை மாதிரி. இந்தச் சுற்றை முதல் உலகப் போர்க் காலத்தில் ஆப்ரகாம், பிளாக் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் வால்வுகளை வைத்துச் செய்து, 1919-ல் வெளியிட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள இதுதான் நல்ல வாத்தியார் என்பது என் கட்சி. 555 வேலையை முடித்துக் கொடுக்கும். இது வேலை எப்படி நடக்கிறது என்று கண்முன்னே காட்டும்.

● பாகங்களைச் செருகிப் பார்க்கும் வெள்ளை ஓட்டைப் பலகைக்கு ‘பிரெட்போர்டு’ என்று பெயர் வரக் காரணம் உண்மையிலேயே ரொட்டிதான். பழைய ரேடியோ பிரியர்கள் அடுப்படியில் ரொட்டி நறுக்கும் மரப்பலகையை எடுத்து, ஆணி அடித்து, அதில் சுற்று கட்டினார்கள். நம் பாட்டிமார்கள் அரிவாள்மனைப் பலகையைத் தந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

● “ஈயம் பூசலையோ, ஈயம்...” என்று தெருவில் குரல் கொடுத்து வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பூச்சுப் பூசியவர்கள் கையில் இருந்தது வெள்ளீயம். சால்டர் கம்பியிலும் பெரும்பங்கு வெள்ளீயமே, மீதி காரீயம். 63-க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். வெள்ளீயமோ காரீயமோ தனியாக இருந்தால் அவ்வளவு குறைந்த சூட்டில் உருகாது. இரண்டு முரடர்கள் சேர்ந்தால் சாதுவாகிவிடுகிற விசித்திரம்! காரீயம் விஷம், பற்ற வைத்த கையோடு முறுக்கு தின்னக்கூடாது. புகையும் வேண்டாம், ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

● திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டில், ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் ஏன் அணைந்தது? 6.3 வோல்ட் குட்டி பல்புகளை 230 வோல்ட்டில் எரிக்க ஒரு தந்திரம்: 36, 37 பல்புகளை ஒரே சங்கிலியாகக் கோத்துவிடுவது. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. அந்தச் சங்கிலி சிமிட்டியதற்கும் ஐசி கிடையாது. ஒரே ஒரு பல்புக்குள் இரட்டை உலோகப் பட்டை இருக்கும். சூடானதும் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து இணைக்கும். ஒருத்தர் கண்ணை மூடினால் ஊரே மூடுகிற ஏற்பாடு. இது 230 வோல்ட் சமாச்சாரம். கற்றுக்குட்டிகள் கை வைக்க வேண்டாம்.

● விளக்கு அலங்காரத்துக்கென்றே பேர்போன ஊர் இந்தியாவில் ஒன்று உண்டு. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் சந்தன்நகர். புதுச்சேரியைப்போல அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். ஜகத்தாத்ரி பூஜைக்கு அங்கே தெருவெல்லாம் விளக்காலேயே மயில் ஆடும், ரயில் ஓடும். எல்.இ.டி-யும் ஐசி-யும் வருவதற்கு முன்னால் அதை ஓட வைத்தது ஓர் உருளை. செப்புத் தகடு பதித்த உருளையை மோட்டார் சுழற்றும். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகட்டை எங்கே பதிப்பது என்று முடிவு செய்ததுதான் அந்தக் கால புரோகிராமிங்.

● நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1928 நவம்பரில் ஓட ஆரம்பித்த செய்திப் பட்டைக்கு 14,800 பல்புகள். முதல் நாள் ஓடியது அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவு.

● உண்மையில் எதுவுமே ‘ஓடுவதில்லை’. ஒரு புள்ளி அணைகிறது, பக்கத்துப் புள்ளி எரிகிறது. நடுவில் இருக்கும் ஓட்டம் நம் மூளையின் கற்பனை. மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் 1912-ல் இதை ஆராய்ந்து எழுதினார். ரயிலில் போய்க்கொண்டிருந்தவருக்கு இந்த யோசனை வந்ததாம். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் பொம்மைக் கடைக்குப் போய்ச் சுழலும் படப் பொம்மை ஒன்றை வாங்கிச் சோதனையைத் தொடங்கினாராம். உங்கள் 555-இன் 3-ஆம் காலை சிடி 4017 என்ற ஐசி-யின் 14-ஆம் காலில் கொடுத்தால், பத்து எல்.இ.டி வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அதே கற்பனையை வீட்டுச் சுவரில் பார்க்கலாம்.

● சிமிட்டல் வேகம் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சி. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலருக்கு வலிப்பு. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக்கூடாது என்பதுதான் இன்று இணையத் திரைகளுக்குச் சொல்லப்படும் எல்லை. டீக்கடை போர்டுக்கும் அதுவே நல்லது. நிதானமாகச் சிமிட்டுவதைத்தான் தூரத்து லாரி டிரைவரும் படிக்க முடியும்.

● பைக்கில் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி போட்டதும் ‘டிக்டிக்டிக்’ என்று வெறிபிடித்த மாதிரி அடிக்கிறதா? பழைய பிளாஷர் ரிலே, மின்சாரம் குறைவாகப் போவதைப் பார்த்து, ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி-க்கு ஏற்ற பிளாஷர் மாற்றினால் அடங்கிவிடும்.

● விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் கிளம்பிப் போன பிறகு கடைசிப் பெட்டியின் முதுகைப் பாருங்கள். ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே போகும். அழகுக்கு அல்ல. முழு ரயிலும் வந்து சேர்ந்தது, நடுவில் பெட்டி எதுவும் கழன்றுபோய் நிற்கவில்லை என்று நிலையத்துக்காரர்களுக்குச் சொல்கிற சேதி அது.

● சிவப்பு எல்.இ.டி வந்து முப்பது வருஷம் ஆகியும் பளிச்சென்ற நீலம் வரவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் கைவிட்ட வேலையை முடித்தவர், ஜப்பானில் ஷிகோகு தீவில் அனான் என்ற சின்ன ஊரில் இருந்த நிச்சியா கம்பெனியின் ஊழியர் ஷூஜி நகமுரா. 1993-ல் நீலம் எரிந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்குக் கம்பெனி தந்த வெகுமதி 20,000 யென். நம் கணக்கில் சில ஆயிரம் ரூபாய். அவர் வழக்குப் போட்டு 2005-ல் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனார். 2014-ல் அகசாகி, அமானோவுடன் சேர்ந்து நோபல் பரிசும் வந்தது. நீலம் வந்ததால்தான் வெள்ளை வந்தது. நம் வீட்டில் எரியும் எல்.இ.டி பல்பில் நீலச் சில்லின்மேல்தான் மஞ்சள் பூச்சு இருக்கிறது.

● மின்மினிப் பூச்சியிடம் எல்.இ.டி பாடம் படித்திருக்கிறது. மின்மினியின் வயிற்றுச் செதில்கள் ஓட்டுக் கூரை மாதிரி சாய்ந்து அடுக்கியிருக்கும்; அந்தச் சாய்வில் வெளிச்சம் உள்ளேயே சிக்காமல் வெளியே வழுக்கி வந்துவிடும். பெல்ஜியம், பிரான்ஸ், கனடா ஆராய்ச்சியாளர்கள் அதே சாய்வை எல்.இ.டி-மேல் செதுக்கிப் பார்த்ததில் 55 சதவீதம் கூடுதல் வெளிச்சம் வந்ததாக 2013-ல் எழுதினார்கள். ஆனைமலைக் காடுகளில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் சிமிட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, நம் 35 எல்.இ.டி கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

● ‘டீ’யில் தேறிவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது கடைகளில் ஓடும் பி10 பலகை. 10 என்பது இரண்டு புள்ளிக்கு இடையே 10 மில்லிமீட்டர். ஒரு துண்டு 32 சென்டிமீட்டர் அகலம், 16 உயரம், உள்ளே 512 எல்.இ.டி. ஒற்றை நிறப் பலகையில் எந்த நொடியிலும் கால்வாசி எல்.இ.டி-தான் எரிகிறது. வரிசைகளை மாற்றி மாற்றி அவ்வளவு வேகமாக ஏற்றுகிறார்கள். கண் ஏமாந்து முழுசாகப் பார்க்கிறது. நம்பாதவர்கள் செல்போன் கேமராவில் பாருங்கள், கறுப்புக் கோடுகள் தெரியும்.

இதில் தமிழ் எழுதும்போது ஒரு தொல்லை. ஆங்கில எழுத்து 7 வரிசை, 5 பத்தியில் அடங்கும். நம் ஊர்ப் பெயரைப் பாருங்கள். மேலே ப், ங், ச் தலையில் புள்ளி. பி, றி, சி-க்கு மேல்விலங்கு. கீழே ரு, கு-வுக்குக் கீழ்விலங்கு. ‘ற’வின் வாலும் இறங்கும். மேலே மூன்று வரிசையும் கீழே மூன்று வரிசையும் இதற்கே போனால் 16-இல் எழுத்தின் உடம்புக்கு 10 வரிசைதான் மிச்சம். அகலத்துக்குச் சராசரி 14 புள்ளி வைத்தாலும் 11 எழுத்துக்கு 154. ஐந்து பலகை, ஒன்றரை மீட்டருக்கு மேல். அதனால்தான் எல்.இ.டி போர்டு வைத்த பஸ்ஸில் நீளமான ஊர்ப்பெயர்கள் நிற்காமல் ஓடுகின்றன. ‘...லங்குறிச்சி’ மட்டும் தெரிகிற நேரத்தில் பார்த்துவிட்டு எந்தக் குறிச்சி என்று யோசிப்பதற்குள் பஸ் போய்விடும்.

● கடைப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ‘டீ’ என்று தமிழில் எழுதிய உங்கள் போர்டு அந்த விதத்திலும் பாஸ்.

● எல்லாரும் வெள்ளை எல்.இ.டி கேட்பார்கள், மழைக்காலம் வரும்வரைதான். முதல் மழைக்கு மறுநாள் மாலை ஈசல் கிளம்பும்போது, புற ஊதாவும் நீலமும் கலந்த விளக்குகளைத்தான் பூச்சிகள் தேடி வரும். சிவப்பு அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை டியூப்லைட்டைக் கடைக்குப் பின்பக்கம் தள்ளி மாட்டிவிட்டுச் சிவப்பு ‘டீ’யை முன்னால் சிமிட்டவிட்டால், கிளாஸில் ஈசல் மிதக்காது.